நான் ஜெர்மனியாக இருந்தபோது

என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. வருகிற கிறிஸ்துமஸுக்கு அவனும் மற்றப் பிள்ளைகளோடு கோயிலில் நின்று ஒரு வரி சொல்ல வேண்டும். எந்தத் தேசத்தை அவனுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாளாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளை சொல்லப்போகும் ஒரு வரிக்கு இத்தனை யோசனையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்கும் அது அதிகப்படியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் ஒரு தேசத்தைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டுவது சின்னக் காரியமில்லை. ஏழு வயதில் ஒரு கிறிஸ்துமஸ் நாள் முழுவதும் நான் அதனால் செத்துப் பிழைத்தேன்.

தென்காசியில் எங்கள் லுத்தரன் சபை மிகச் சிறியது. மிஷன் பள்ளிக்கூடத்தின் பெரிய அறைதான் எங்களுக்குக் கோயில். வார நாட்களில் அப்பா அங்கே தலைமை வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்துவிட்டால் அவரே உபதேசியார். போதகர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் அப்பாதான் ஆராதனை நடத்துவார்.

கிறிஸ்துமஸ் அன்று பிரசங்கம் முடிந்ததும் ஏழு பிள்ளைகள் முன்னால் வந்து நிற்போம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தேசத்தின் பெயர் எழுதிய அட்டை தொங்கும். டென்மார்க், ஜெர்மனி, சுவீடன், அமெரிக்கா, தங்கனீக்கா, நியூகினி, கடைசியில் இந்தியா. லுத்தரன் மிஷன் வேலைக்கு ஆள் அனுப்பிய தேசங்களும் அவர்கள் போய்ச் சேர்ந்த தேசங்களுமாகக் கலந்து நிற்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் தேசத்தின் பேரால் ஒரு வரி நன்றி சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்று முழங்கும். எனக்குத் தெரிந்து எங்கள் சபையில் யாரும் தூங்காத பகுதி அது ஒன்றுதான்.

ஐந்து வயதிலிருந்து நான்தான் ஜெர்மனி. அந்த அட்டையை எழுதி என் கழுத்தில் மாட்டியவர் மிஸ்ஸியம்மாள்.

மிஷனெரியாக வந்த வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. எங்கள் மிஸ்ஸியம்மாள் ஜெர்மனியிலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தைத் தொடங்கியதே அவர்தான். மருந்துப் பெட்டியோடு மாட்டுவண்டியில் இலத்தூர், வடகரை என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்ப்பார். புளியங்குடியிலிருந்து வாங்கி வரும் எலுமிச்சம்பழத்தை ஒரு துளி சர்க்கரை போடாமல் பிழிந்து குடிப்பார். அவர் முகம் சுளிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் முகம் சுளிக்கும். அச்சடித்த புத்தகம் போலத் தமிழ் பேசுவார். "பிள்ளாய், உன் நகத்தில் இருக்கும் அழுக்கு யாருடையது?" என்று கேட்பார். என்னுடையது என்று சொன்னால் ஒரு அடி. தெரியாது என்று சொன்னால் இரண்டு.

அவரிடம் எனக்குப் பிரியம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பயம் இருந்தது நிச்சயம். நான் பிறந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். நீலமாகக் கிடந்த என்னைத் தலைகீழாகப் பிடித்து அறைந்து அழவைத்தவர் அவர்தான் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம், பிறந்த அன்றைக்கே இவரிடம் அடி வாங்கிவிட்டோமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

என் வரி இன்றும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. "கப்பலேறி வந்து, எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு, எங்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்களுக்காக, ஜெர்மனி தேசத்தின் பேரால், கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம்."

அம்மாவின் தம்பி, என் மாமா, தென்காசி போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிளாக இருந்தார். அவரும் மிஸ்ஸியம்மாளிடம் அடி வாங்கிப் படித்தவர்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "ஏட்டி ஜெர்மனி, இங்கன வா" என்பார். எனக்கு அதில் பெருமை. தெருவில் வேறு எந்தப் பெண்பிள்ளைக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது.

யுத்தம் தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. மாமா வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏட்டி ஜெர்மனி, ஒங்க தேசத்தோட எங்க ராசா சண்டை போடுதாராம்லா. உன்னைய என்ன செய்யன்னு ஸ்டேஷன்ல பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மிஸ்ஸியம்மாள் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மற்றபடி எதுவும் மாறவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸிலும் நான் வரியைச் சொன்னேன், சபை முழங்கியது.

அடுத்த கோடையில் அவரை அழைத்துப் போக வந்தார்கள். வந்த இரண்டு கான்ஸ்டபிள்களில் ஒருவர் மாமா. விலங்கோ சத்தமோ எதுவும் இல்லை. மிஸ்ஸியம்மாள் மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்தார். அவருடைய டிரங்குப் பெட்டியை மாமாவே தலையில் தூக்கிக்கொண்டார். நான் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். மிஸ்ஸியம்மாள் என்னைத் தாண்டும்போது நின்று, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நகம் வெட்டு" என்றார். பிறகு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார்கள். மலைப் பக்கத்தில் எங்கேயோ ஒரு பங்களாவில், அவரைப் போன்ற பெண்கள் சிலரோடு காவலில் வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார்கள்.

"மிஸ்ஸியம்மாவ ஏன் பிடிச்சுட்டுப் போனாக?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா அடுப்பில் கண்ணாக இருந்தாள். "அவுக ஜெர்மனி. அதான்" என்றாள்.

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஜெர்மனியாக இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தென்காசியில் மொத்தம் இரண்டு ஜெர்மனி. ஒன்று போயாயிற்று.

அன்று சாயங்காலம் மாமா காக்கி உடுப்போடு வாசலில் நின்று "ஏட்டி ஜெர்மனி" என்று கூப்பிட்டபோது நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் ஒளிந்தேன். மிஸ்ஸியம்மாளைக் கூட்டிக்கொண்டு போன கோபம் பிள்ளைக்கு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். "பாத்தியா, சின்னப் புள்ளைக்கு எம்புட்டுப் பாசம்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். எனக்கு அது இன்னும் பயமாகப் போயிற்று. பிடிக்கப்போகிற ஆளிடம் யாராவது முன்கூட்டிச் சொல்வார்களா?

யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டுப் பார்த்தால், சொன்னால் நானும் ஜெர்மனி என்பது அவர்களுக்கும் நினைவு வந்துவிடும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. என் மகன் எதையாவது சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறானோ என்று அவன் தூங்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

டிசம்பர் வந்தது. அம்மா அச்சுமுறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அப்பா பழைய அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த வருஷம் ஜெர்மனி வேண்டாம்" என்றார்.

"வேண்டாம்னா? ஏழும் சொல்லுததுதான வழக்கம்?"

"ஆறு சொன்னாப் போதும். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி ஆராதனைக்கு வாராராம். குத்தாலத்துல பங்களாவுல வந்து தங்கியிருக்காரு. நம்ம சபையப் பத்தி எழுதப்போறாராம்."

அம்மா சல்லடையை நிறுத்தினாள். "அந்த அம்மா இல்லேன்னா இந்தப் புள்ள ஏது?"

"பள்ளிக்கூடத்த மூடிட்டா இந்தப் புள்ளைக்குச் சோறு ஏது?"

"நன்றின்னு ஒண்ணு இருக்குல்லா."

"இருக்கட்டும். மனசுல இருக்கட்டும். கழுத்துல தொங்க வேண்டாம்."

அம்மா மறுபடி சலிக்க ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சலித்தாள்.

நியூகினியாக நிற்கும் பெண் அந்த வருஷம் ஊர் மாறிப் போயிருந்தாள். அதனால் நான் நியூகினி என்று அப்பா சொன்னார். யுத்த காலத்தில் நல்ல அட்டை கிடைக்கவில்லை. அவளுடைய அட்டையையும் அவள் கொண்டு போய்விட்டாள். அப்பா என் ஜெர்மனி அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நியூகினி என்று எழுதினார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு சுலபமா! அட்டையைத் திருப்பினால் போதும், ஆள் தப்பித்துவிடலாம். உடனே ஒரு சந்தேகமும் வந்தது.

"மிஸ்ஸியம்மாவும் நியூகினின்னு சொல்லியிருக்கலாம்லா அப்பா?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "போயி வரிய மனப்பாடம் பண்ணு" என்றார்.

புது வரி இது: "காடும் மலையும் நடந்து, வழியில்லாத இடத்தில் வழி உண்டாக்கினவர்களுக்காக, நியூகினி தேசத்தின் பேரால், கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம்." அப்படி நியூகினியில் காடும் மலையும் நடந்தவர்களில் நிறையப் பேர் ஜெர்மனிக்காரர்கள்தான் என்று நான் பெரியவளாகிப் படித்தபோது தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அது அப்போதே தெரிந்திருக்குமா? தெரிந்துதான் எனக்கு அந்த வரியைக் கொடுத்தாரா? அவரிடம் கேட்க நினைத்து, கேட்டால் மனசு கஷ்டப்படுமோ என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

அட்டை திரும்பிவிடக் கூடாது என்பதற்காக அம்மா அதை என் கவுனோடு சேர்த்துத் தைத்தாள். நாலு மூலையும் தைக்கச் சொல்லியிருந்தார் அப்பா. அம்மா மேலே இரண்டு மூலையில் மட்டும் தையல் போட்டு நூலைக் கடித்துவிட்டாள். மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் அன்று அதிகாரி வந்தார். கோட்டு, கண்ணாடி, கையில் சின்ன நோட்டுப் புத்தகம். முன்னால் நாற்காலி போட்டிருந்தது. பிரசங்கம் முழுவதும் கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்து கேட்டார். நாங்கள் வரிசையாக வந்து நின்றபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு விட்டால் அட்டை அசையும்.

டென்மார்க் சொல்லி முடித்தது. சபை முழங்கியது. அடுத்து சுவீடன் வாய் திறப்பதற்குள், பின்னால் உட்கார்ந்திருந்த காது கேளாத பெரியவர் ஒருவர், வருஷாவருஷப் பழக்கத்தில், ஜெர்மனிக்கு உரிய இடத்தில் தன்னந்தனியாக "ஸ்தோத்திரம்!" என்று உரக்கச் சொன்னார். யாரோ அவர் தொடையில் தட்டி அடக்கினார்கள். அதிகாரி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். அப்பாவின் நெற்றியில் வேர்வை நின்றது. என் முறை வந்தபோது நியூகினி வரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

ஆராதனை முடிந்து எல்லோருக்கும் முறுக்கும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். அதிகாரி வாசலில் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா ஒரு கையால் என்னைப் பிடித்திருந்தார்.

"போன வருஷம் ஏழு தேசம் சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டேன், வாத்தியார் சார்."

"ஒரு பிள்ளை ஊர் மாறிப் போய்விட்டாள் ஐயா" என்றார் அப்பா. அது பொய்யில்லை.

அதிகாரி என் பக்கம் குனிந்தார். "உன் பேர் என்ன?"

"நியூகினி" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, தைக்காத கீழ் மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

அங்கே மிஸ்ஸியம்மாளின் கையெழுத்தில், நீல மையில், ஜெர்மனி.

"எழுத்து ரொம்ப அழகாக இருக்கிறதே. யார் எழுதியது?"

"தெரியாது."

"இங்கே ஒரு மிஸ்ஸியம்மா இருந்தார்களே, அவர்களா?"

"எனக்கு அவுகளத் தெரியாது."

"உனக்குப் பாடம் சொல்லித் தரவில்லையா?"

"அவுக யாருன்னே தெரியாது."

என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. நான் சொல்வது தப்பு என்றால் அவர் திருத்துவார் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவர் "சின்னப் பிள்ளை ஐயா" என்று மட்டும் சொன்னார். அதிகாரி மூலையைக் கீழே விட்டு, அட்டையைத் தட்டி நேராக்கினார். பிறகு வண்டியேறிப் போய்விட்டார். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த கதையை அப்பா எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. கதையில் சேவல் கூவும்; எங்கள் வாசலில் எல்லோரும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மாமா வந்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மாமா இலையில் கை வைக்கவில்லை.

"அத்தான், காலையில அவருகிட்ட என்ன சொன்னீக?"

"என்ன சொல்ல? நல்லபடியா முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணும் வராது."

"பள்ளிக்கூடத்தப் பத்தி யாரு கேட்டா? அவரு வந்ததே மிஸ்ஸியம்மாவப் பத்திக் கேக்கத்தான்லா! அவுக மனு போட்டிருக்காக. திரும்ப இங்கனயே வந்து வைத்தியம் பாக்க விடணும்னு. அவுக இருந்த ஊர்ல சனங்க என்ன சொல்லுதாகன்னு இவரு எழுதி அனுப்பணும். கிறிஸ்துமஸ்ல நம்ம நன்றி சொல்லுதது அவருக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு. அதக் கேக்கணும்னுதான் இன்னைக்கின்னு பாத்து வந்திருக்காரு. ஏட்டு இப்பதான் எங்கிட்டச் சொன்னாரு."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

"போங்க" என்றாள் அம்மா. "இப்பவே போங்க. புள்ளயையும் கூட்டிட்டுப் போங்க. அவ வாயால சொல்லட்டும்."

மனு, ஏட்டு, எழுதி அனுப்புவது எல்லாம் என் காதில் விழுந்தன, ஒன்றும் புரியவில்லை. புரிந்தது இவ்வளவுதான். அந்த அதிகாரி ஜெர்மனியைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மாமா காட்டிக்கொடுத்துவிட்டார். அம்மா என்னைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொல்கிறாள்.

அம்மா தையலைப் பிரித்து, அட்டையைத் திருப்பி, ஜெர்மனி வெளியே தெரியும்படி வைத்து மறுபடியும் தைத்தாள். இந்தத் தடவை நாலு மூலையிலும் தைத்தாள்.

குற்றாலத்துக்கு ஜட்காவில் போனோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். குளிரா என்று கேட்டு அப்பா தன் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டார். "அவருக்கு முன்னால பழைய வரியச் சொல்லணும். பயப்படாத" என்றார். பிடித்துக் கொடுக்கப்போகிறவர் துண்டைப் போர்த்திவிடுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வழியில் குதித்து ஓடலாமா என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது.

சீசன் இல்லாத குற்றாலத்தில் குரங்குகளைத் தவிர யாரும் இல்லை. மேலே மழை பெய்திருந்ததால் அருவி மட்டும் கூட்டம் இருப்பது போலவே இரைந்துகொண்டிருந்தது. பங்களாப் படிக்கட்டில் நாங்கள் காத்து நின்றோம். வேட்டி கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உடம்பில் எண்ணெய் வாசனையோடு ஒருவர் அருவிப் பக்கமிருந்து வந்தார். கோட்டும் கண்ணாடியும் இல்லாததால் அதிகாரி என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கும்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அருவியின் இரைச்சலில் எல்லோரும் கொஞ்சம் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"காலையில் நான் சொன்னது சரியில்லை ஐயா" என்றார் அப்பா. "வருஷாவருஷம் நாங்கள் ஏழு தேசத்துக்கும் நன்றி சொல்வோம். ஜெர்மனிக்கு இவள்தான் சொல்வாள். இப்போது சொல்லச் சொல்கிறேன். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்." என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா."

நான் அட்டையின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"கைய எடு. பழைய வரியச் சொல்லு."

"நான் நியூகினி."

"இல்லம்மா. அது காலையில. இப்ப ஜெர்மனி. கப்பலேறி வந்து, அதச் சொல்லு."

"எனக்கு அது தெரியாது. நான் நியூகினி. நான் நியூகினிதான்!"

படிக்கட்டுத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்பா என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்றும் சில நாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்த வரி வாயில் வந்துவிடுகிறது. அன்று வந்திருக்க வேண்டியது.

"குழந்தையை விடுங்கள் சார். வேண்டுமானால் நீங்கள் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கோயிலில் பிள்ளைகள் நாங்கள் எப்படி நிற்போமோ அப்படி நின்றார். பிறகு அந்த வரியைச் சொன்னார். கப்பலேறி வந்து, எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு, எங்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்களுக்காக. பாதியில் தடுமாறி, முதலிலிருந்து தொடங்கிச் சொன்னார். எங்களில் யாராவது அப்படித் தடுமாறினால் அவருக்குப் பிடிக்காது. சொல்லி முடித்தபோது "ஸ்தோத்திரம்" என்று பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அதிகாரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதைக் காலையில் சொல்லியிருக்கலாமே சார். சபை கூடி நன்றி சொன்னது என்று எழுதியிருப்பேன். இப்போது வாத்தியார் ஒருவர் தனியாக வந்து சொன்னார் என்றுதான் எழுத முடியும்."

"எழுதுங்கள் ஐயா."

"எழுதுகிறேன். ஆனால் அது போதுமா என்று எனக்குத் தெரியாது."

போதவில்லையா, அல்லது எவ்வளவு எழுதியிருந்தாலும் விட்டிருக்கமாட்டார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மிஸ்ஸியம்மாள் தென்காசிக்குத் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்ததும் அவரைக் கப்பலேற்றி அவர் தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலா ஒரு சர்க்காரின் முடிவு இருந்தது என்று மாமா பின்னாளில் அம்மாவைத் தேற்றியிருக்கிறார். அது சரிதான். சரி என்று தெரிந்தும் நான் அதையே திருப்பித் திருப்பி நினைக்கிறேன்.

ஆனால் அன்று நான் கண்டது வேறு. அதிகாரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைப் பிடிக்கவில்லை. அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி கிடைக்கும்வரை தூறலில் நடந்தார். என்னைக் கொடுத்துவிட வந்தவர், நான் விடாமல் நியூகினி என்று சொன்னதைக் கேட்டு மனம் மாறித் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறார்! நான் ஜெயித்துவிட்டேன். வழியெல்லாம் நியூகினி வரியைப் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா நிறுத்து என்று சொல்லவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். மாமா போகாமல் காத்திருந்தார். அப்பா அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் அன்றைய நாளுக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். வயதில் சின்னவர்தான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் அதற்குச் சேர்ந்து பதில் சொல்வார்கள். வழக்கமாக நான் அம்மா அப்பாவுக்காக, சோற்றுக்காக என்று ஏதாவது அவசரமாகச் சொல்லி முடிப்பேன். அன்று எனக்குச் சொல்வதற்கு மெய்யாகவே ஒன்று இருந்தது. மாமா காக்கி உடுப்போடு எதிரில் மண்டியிட்டிருந்தும் எனக்குப் பயம் வரவில்லை. கண்ணை மூடிக் கையைக் கூப்பி, கோயிலில் சொல்வது போலவே ராகமாகச் சொன்னேன்.

"என்னைப் பிடிக்காமல் மிஸ்ஸியம்மாவை மட்டும் பிடிக்கப் பண்ணினதற்காக, கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம்."

யாரும் பதில் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா தலையைத் தரையில் முட்டக் குனிந்திருந்தார். அம்மாவின் கை வாய்மேல் இருந்தது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, இன்னும் கொஞ்சம் சத்தமாக, ஒரு சொல் பிசகாமல் மறுபடியும் சொன்னேன்.